புகை போகும் பக்கம்

பதினான்காவது வீடு அது. பின்பக்கத் தோட்டத்தில் என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுவத்தியைப் பற்ற வைத்தார். வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். சாந்தோமிலிருந்து லஸ் வரைக்கும் நடந்தால் பத்து பேராவது ‘குட் மார்னிங் மிஸ்’ சொல்வார்கள். அந்த மரியாதையை எல்லாம் இந்த மனுஷன் ஒற்றை ஊதுவத்தியில் கொளுத்திக்கொண்டிருந்தார்.

வத்தியை முதலில் தரையை ஒட்டிப் பிடித்தார். பிறகு முட்டி உயரத்துக்கு. பிறகு எழுந்து நின்று தலைக்கு மேலே. புகை கொஞ்சம் தயங்கி, மேற்கே சாய்ந்து, பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நேராகப் போனது. இவர் உதட்டைப் பிதுக்கினார்.

“நீங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?” என்றார் வீட்டுக்காரர்.

“காத்து பாக்கறேன் சார்.”

“காத்தா? ரூமுக்கு ரூம் ஃபேன் இருக்கே!”

“அது இல்ல சார், கடல்காத்து. சாயங்காலம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும். நாளைக்குக் காலையில வந்து, மேற்கேயிருந்து வர்ற மேல்காத்தையும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

வீட்டுக்காரர் படியேறி உள்ளே போய்விட்டார். மறுநாள் புரோக்கர் கய்யூம் பாய் எனக்குப் போன் செய்தார். திருவல்லிக்கேணிக்காரர், அப்துல் கய்யூம் என்று விசிட்டிங் கார்டெல்லாம் அடித்து வைத்திருப்பார். இரண்டு மாதமாக ஸ்கூட்டரில் முன்னால் அவர், ஆட்டோவில் பின்னால் நாங்கள் என்று மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

“டீச்சர், அந்த மாமா வோணான்ட்டாரு. வந்தவர் மூலையில குந்திக்கினு இன்னாமோ மந்திரம் போட்றார்னு சொல்றாரு. இன்னா டீச்சர் இது? சாருக்கு வூடு வோணுமா, இல்ல ஊதுவத்தி யாவாரமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் உலகத்தில் மனுஷர்கள் குடியிருக்க வீடு பார்ப்பார்கள். என் கணவர் பிரகாசம் விறகு அடுப்பு குடியிருக்க வீடு பார்க்கிறார். எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்துபோனால், அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். கல்லறையிலிருந்து திரும்பி வருகிற கூட்டத்துக்கு வேறு வீட்டிலிருந்துதான் சாப்பாடு போக வேண்டும். எங்கள் தெருக்களில் இருக்கிற நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம்; நல்லது கெட்டதுக்கு ஒருவருக்கொருவர் நிற்க வேண்டும் என்று சாமியார் பிரித்து வைத்தது. அந்த அன்பியத்துக்கு மட்டுமில்லை, பங்கு முழுக்கவே ‘வேறு வீடு’ என்றால் எங்கள் வீடுதான். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். எண்பது பேருக்கு, சில சமயம் நூற்றைம்பது பேருக்கு. யாரும் இவரை நியமிக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டு ஈவ்லின் அக்காவின் கணவர் திடீரென்று போனார். அன்றைக்கு இவர் செங்கல் அடுக்கி மூட்டின அடுப்பு, இருபத்தாறு வருடமாக அணையவில்லை என்றே சொல்லலாம்.

“கேட்டரிங்ல சொல்லிட்டா முடிஞ்சுது சார்,” என்று கய்யூம் பாய் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்.

“சாவு முன்கூட்டிச் சொல்லிட்டு வராது பாய். காலையில ஆறு மணிக்குச் செத்தா சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். எந்தக் கேட்டரிங்காரன் வருவான்?” இவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் நன்றாக வரும்.

சரி, ஊருக்கு நல்லது. வீட்டுக்கு? எப்போது லீவு நாள் என்று பார்த்தாலும் பின்பக்கம் சவுக்குக் கட்டை அடுக்கியிருக்கும். என் புடவை, என் தலையணை, என் தலைமுடி எல்லாம் புகை. விடியற்காலையில் சமைத்த நாளில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “மிஸ், இன்னைக்கு யாரு மிஸ்?” என்று கேட்கும். கேட்டால் கோபித்துக்கொள்ளவா முடியும்? யாரென்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அல்ஜீப்ரா.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள், ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் கோடம்பாக்கத்தில் என் அப்பா இறந்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் எங்கே, மருமகன் எங்கே என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மருமகன் சாந்தோமில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார்! பூசை தொடங்குகிற நேரத்துக்குக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார், கண்ணெல்லாம் சிவந்து. அழுததா, புகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இப்போது நாங்கள் இருக்கிற வீட்டை வீட்டுக்காரரின் பிள்ளைகள் பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மே முப்பத்தொன்றுக்குள் காலி செய்தாக வேண்டும். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. என் முட்டி படிக்கட்டைக் கண்டாலே முனகுகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு, உள்ளேயே ஒரு நல்ல குளியலறை. எத்தனை வீடு பார்த்தோம், மாதாவே! தி.நகரில் ஒன்று, பின்னால் விளையாட்டு மைதானம் மாதிரி இடம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜவுளிக்கடைக் கிடங்கு. “துணிக் கிடங்குக்குப் பக்கத்துல விறகு எரிக்கவா?” என்று வேண்டாம் என்றுவிட்டார். ஊரூர் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கடல் வாசலிலேயே. அங்கே அடிக்கிற காற்றில் பதினோரு தீக்குச்சி செலவாகியும் வத்தி பற்றவில்லை. பன்னிரண்டாவதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

பெசன்ட் நகர் வீட்டைத்தான் மறக்க முடியாது. வீட்டுக்காரப் பெண் தீபிகா, ஐடி கம்பெனியில் வேலை, தங்கமான பெண். “அவுட்டோர் குக்கிங்கா அங்கிள்? எங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும்!” என்று புல்தரைக்குக் கூட்டிப்போய் ஒரு பார்பெக்யூவைத் திறந்து காட்டினாள். முட்டி உயரத்தில் மூன்று கால், மேலே ஒரு கம்பி வலை. இவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுல எத்தனை பேருக்கும்மா வேகும்?”

“ஆறு பேருக்குத் தாராளமா வரும் அங்கிள். உங்களுக்கு எத்தனை பேர் வருவாங்க?”

“சராசரியா நூறு.”

“வாவ்! என்ன ஃபங்ஷன்?”

நான் இவர் முழங்கையைக் கிள்ளினேன். அதே நேரத்தில் போன் அடித்தது. எங்கள் அன்பியத் தலைவர் லாய்ட். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. “அண்ணே, ரோசரி சர்ச் ரோடு மரியநாதன் சார் தவறிட்டாரு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அடக்கம்.” அவ்வளவுதான், இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தீபிகாவிடம், “ஆபீஸ் அவசரம்மா” என்றேன். துறைமுக ஆபீஸிலிருந்து ரிடையர் ஆகி இரண்டு வருடமான மனுஷனுக்கு என்ன ஆபீஸ்? அந்தப் பெண் பாவம், தலையாட்டினாள்.

அப்புறம் மே மாதம் இருபதாம் தேதிக்கு மேல், மந்தைவெளியில் தங்கம் அம்மாவின் வீடு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டுக்குள் கால் வைத்ததுமே எனக்கு மூச்சு இறங்கியது. மாடியில் அந்த அம்மா தனியாக இருக்கிறார், கீழ்வீடு வாடகைக்கு. இரண்டு படுக்கையறை, உள்ளேயே குளியலறை, படிக்கட்டே கிடையாது. அறுபதைத் தாண்டின அம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் பாத்திரக்கடை வைத்த குடும்பம். கணவர் கருணாகரன் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஹரி சிங்கப்பூரில். “கறி மீன் எல்லாம் ஆக்குவீங்கள்லா? ஆக்குங்க. மனுசங்க இருந்தாப் போதும் எனக்கு,” என்றார். நான் மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

பின்பக்கம் போனோம். இவர் என்னிடம் கையை நீட்டினார். ஊதுவத்தியும் தீப்பெட்டியும் என் கைப்பையில்தான். சட்டைப்பையில் வைத்தால் வத்தி உடைந்துவிடுகிறதாம். தோட்டத்தின் மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மதில். மேற்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர். ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர். புகை தரையிலிருந்து எழுந்து, அடக்கமாக மேற்கே சாய்ந்து, அந்த மொட்டைச் சுவரில் ஏறி ஆகாயத்துக்குப் போனது. யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது இப்படி ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

மறுநாள் காலையில் வந்து மேல்காற்றையும் பார்த்தார். அதுவும் பாஸ். அட்வான்ஸ் கொடுக்கிற நாளும் குறித்தாயிற்று. கய்யூம் பாய் எனக்குத் தனியாகப் போன் போட்டு, “டீச்சர், இந்த தபா சாரைப் பேச உடாத. நீயே பேசிக்கோ,” என்று எச்சரித்தார். நானும் ஆட்டோவில் ஏறினதிலிருந்து இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். வாயைத் திறக்காதீர்கள். கேட்டால் கோயில் சாப்பாடு என்று சொல்லுங்கள். அதுவும் பொய் இல்லை, கோயில்காரர்கள்தானே சாப்பிடுகிறார்கள்? சரி சரி என்று தலையாட்டினார்.

கையெழுத்துப் போடுகிற நேரத்தில், இந்த மனுஷன், “ஒரே ஒரு விஷயம்மா,” என்று ஆரம்பித்தார். “பின்னால கொடி கட்டியிருக்கீங்களே, அது சுவர் ஓரமா இருக்கு. புகை நேரா அங்கதான் போகும். துணியெல்லாம் வாசனை அடிக்கும். கிழக்குப் பக்கமா மாத்திக் கட்டித் தரட்டுமா?”

“அது அவுக கட்டுன கொடி,” என்றார் தங்கம் அம்மா. “நான் அவுத்ததே இல்ல. என்னைக்கோ ஒரு நாள் சமைச்சா அன்னைக்குத் துணி போடாம இருந்துக்கிடுதேன். மாசத்துக்கு எத்தன தடவ சமைப்பீங்க?”

“சொல்ல முடியாதும்மா. போன மாசம் ரெண்டு. டிசம்பர்ல அஞ்சு.”

“என்ன விசேசத்துக்கு?”

நான் தொண்டையைக் கனைத்தேன். கய்யூம் பாய் இருமினார். இவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குச் சொல்கிற மாதிரி, “சாவு வீட்டுக்கும்மா” என்றார்.

தங்கம் அம்மா பேனாவை மூடிப் பக்கத்தில் வைத்தார். கோபப்படவில்லை. “தப்பா நினைச்சுக்கிடாதீங்க. சாவுக்குச் சமைக்கிற அடுப்பு என் வீட்டுல வேண்டாம்,” என்றார். அவ்வளவுதான். எங்களுக்குக் கொடுத்த மோரில் நான் பாதிதான் குடித்திருந்தேன்.

வாசலில் கய்யூம் பாய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “சார், நீ எனக்கு ஒண்ணியும் தர வோணாம். ஒரு ஹெல்ப் மட்டும் பண்ணு. அடுத்த வூட்ல ஊமை மாரி நடி,” என்றார். நான் அவ்வளவு நாசூக்காகச் சொல்லவில்லை. மந்தைவெளியிலிருந்து சாந்தோம் வரைக்கும் ஆட்டோவில் கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். இருபத்தாறு வருடமாக ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் பார்த்தீர்களே, உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் அப்பா விஷயத்தையும் இழுத்தேன். எட்டு வருடம் உள்ளே வைத்திருந்தது, பட்டினப்பாக்கம் சிக்னலில் வெளியே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் இறங்கினபோது இவர், “கேட்டாங்க ஜொவி. கேட்டா எப்பிடிப் பொய் சொல்றது?” என்றார்.

மறுநாள் அடையாற்றில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றைப் பார்த்தோம். லிஃப்ட் இருந்தது. இவர் என்னிடம் ஊதுவத்தி கேட்கவில்லை. பால்கனிக்குக்கூடப் போகவில்லை. ஹாலில் நின்று, “நல்லாருக்கு. உன் முட்டிக்கு லிஃப்ட் இருக்கு. இதையே முடிச்சுரலாம்,” என்றார். கய்யூம் பாய் ஆச்சரியத்தில் என்னைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் இல்லையா? சந்தோஷப்பட வேண்டியவள்தானே? அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, இவர் பின்பக்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு அண்டாவையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கக் கரியை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தேய்த்ததில்லை. கரி இருந்தால்தான் சூடு பிடிக்கும் என்பார். அன்றைக்குத் தேங்காய் நாரால் அந்தக் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“லாய்ட்ட வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன். கோயில் ஸ்டோர் ரூம்ல கிடக்கட்டும்.”

“அப்புறம் யாராவது செத்தா?”

“ஓட்டல்ல வாங்கிக்குவாங்க. இப்பத்தான் போன்லயே எல்லாம் வருதே.”

சேசுவே, எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிடிவாதம் பிடித்தபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு சண்டை போட வேண்டாமா? என்னைத் திட்ட வேண்டாமா? கரியெல்லாம் போய் அண்டா வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளத்தது. பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேல் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். தனியாகத்தான், இவர் லாய்டுக்காகக் காத்திருந்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சில்லறைக்காகக் கைப்பையைத் துழாவினேன். ஊதுவத்தி பாக்கெட் கையில் தட்டுப்பட்டது. “அடையாறா மேடம்?” என்றார் ஆட்டோக்காரர். “மந்தைவெளி,” என்றேன். நான் சண்டை போடத்தான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உங்கள் வீட்டில் சாவே விழாதா, நீங்கள் என்ன சாகாவரமா வாங்கி வந்திருக்கிறீர்கள் என்றெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

தங்கம் அம்மா மாடிக் கதவைத் திறந்து, “வாங்க டீச்சர்,” என்று சோபாவைக் காட்டினார். மோர் கொண்டு வந்து வைத்தார். ஒத்திகை பார்த்ததில் பாதி அங்கேயே மறந்துபோனது.

“உங்க வீட்டுல யாரும் தவறினப்போ சாப்பாடு யாரும்மா செஞ்சாங்க?” என்றேன். கேள்வி நான் நினைத்ததைவிட முரட்டுத்தனமாக வந்தது.

அந்த அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தார். “நான்தான் செஞ்சேன்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அவுக போனது ரெண்டாயிரத்து இருவது ஜூன் மாசம். கொரோனா. ஆஸ்பத்திரியிலேருந்தே நேரா எரிக்கக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு முகத்தக்கூட காட்டல. இங்க வாசல்ல தகரம் அடிச்சுட்டுப் போனாங்க. ஹரிக்குப் பிளைட் இல்ல. சொந்தக்காரங்க அத்தன பேரும் போன்ல அழுதாங்க. யாரும் ஒரு தூக்குச் சோறு கொண்டு வரல. வரவும் முடியாது, நான் குத்தம் சொல்லல. சாவு விழுந்த வீட்டுல அடுப்பு மூட்டப்பிடாதுல்லா? ரெண்டு நாள் மூட்டல. தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக் கிடந்தேன். மூணாம் நாள் தாங்கல டீச்சர். நானே எந்திரிச்சுப் போயி அடுப்பப் பத்த வச்சேன். ரசம் வச்சேன். அவுக செத்ததுக்கு நானே சமைச்சு நானே தின்னேன்.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இந்த வீட்டுல சாவுக்கு அடுப்பு எரிஞ்சது அந்த ஒரு தடவ போதும். அதான் சொன்னேன். உங்க வீட்டுக்காரரு நல்லவரு. அவர் மேல ஒண்ணும் இல்ல.”

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் மோர் டம்ளரைக் கையில் எடுத்தேன், குடிக்காமல் கீழே வைத்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வகுப்பில் பிள்ளைகள் அழுதாலே முகம் கழுவிவிட்டு வா என்றுதான் சொல்லத் தெரியும். அப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இன்றுவரை யாரிடமும் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“எங்க அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்தன்னைக்கு நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன்மா.”

தங்கம் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“முதல் நாள் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க, எனக்கு அப்பிடிப் பசி. வெக்கமா இருந்துச்சு. இவரு சமைச்ச சாதந்தான். யாரும் பாக்காதப்போ எந்திரிச்சுப் போயி ரெண்டாவது தட்டும் போட்டுக்கிட்டேன். சூடா இருந்துச்சு. சாப்பிடும்போதுதான் எனக்கு அழுகையே வந்துச்சு. அப்பவும் இவரு மேல கோவந்தான். என் பக்கத்துல வந்து உக்காரலையேன்னு. இன்னைக்கு வரைக்கும் அந்த ரெண்டாவது தட்டப் பத்தி இவருகிட்ட நான் சொல்லல.”

அந்த அம்மா மோர் டம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, “என்ன சோறு?” என்றார்.

“சாம்பார் சாதம். உருளைக்கிழங்கு வறுவல்.”

“காரமாவா?”

“நல்ல காரம். மூக்குல தண்ணி வரும்.”

“அழுதவங்களுக்கு அதுவும் சௌரியந்தான்,” என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். “புகை எங்க போவும்னாரு உங்க வீட்டுக்காரரு? வாங்க, காட்டுங்க.”

படியில் அவருக்குப் பின்னாலேயே இறங்கினேன். முட்டி வலித்ததா என்று ஞாபகம் இல்லை. கீழ்வீட்டுப் பக்கவாட்டு நடை வழியாகப் பின்பக்கம் போனோம். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கடல்காற்று அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. கொடியில் நாலைந்து சேலைகளும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். இவர் எத்தனை வீட்டில் செய்தும் நான் ஒரு தடவைகூட வத்தியைக் கையில் பிடித்ததில்லை. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் பற்றியது. இவர் உட்காருகிற மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, முட்டி விடவில்லை. குனிந்து தரையோடு பிடித்தேன். பிறகு முட்டி உயரத்துக்கு. பிறகு தலைக்கு மேலே.

புகை எழுந்து, மேற்கே சாய்ந்து, தங்கம் அம்மாவின் நீலச் சேலைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, மொட்டைச் சுவரில் ஏறியது. இரண்டு பேரும் அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என்ன சொல்லப்போகிறார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொடிக்குப் பக்கத்தில் போய் நீலச் சேலையை உருவி, மடித்து, என் தோளில் போட்டார். அடுத்த சேலையையும் போட்டார். போர்வையையும் போட்டார். நான் ஒரு கையில் ஊதுவத்தியோடு அசையாமல் நின்றேன். கொடி வெறும் நைலான் கயிறாக ஆனதும், ஓரத்து முருங்கை மரத்தடிக்குப் போனார். கயிற்று முடிச்சு ஐந்தாறு வருட வெயிலிலும் மழையிலும் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தார்.